நான் தளர்த்திய வார்

நான் ஒரு பெண்கள் மதரஸாவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருபவள். கல்லூரியில் பயின்றது வரலாறு. காருக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து பயண துஆவை ஓதிக்கொள்வதோடு முடிந்துவிடும். இத்தகைய நான், குழந்தைகளுக்கான கார் இருக்கையைப் பற்றியும் அதன் வார்களைப் பற்றியும் எழுத முன்வந்திருப்பது என்னை அறிந்த சகோதரிகளுக்கு வியப்பைத் தரலாம். 2023ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளன்று என் பேரனின் உதடு கிழிந்து, அவனுடைய புதுச் சட்டையெல்லாம் இரத்தமானது. அதற்குக் காரணம் நானேதான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளும் மருமகனும் ஷார்ஜாவில் நஹ்தா பகுதியில் வசிக்கின்றனர். மதரஸாவின் ஆண்டு விடுமுறை ரமலானை ஒட்டி வருவதால், அவ்வாண்டு நோன்பின் பிற்பகுதியையும் பெருநாளையும் அவர்களோடு கழிக்கச் சென்றிருந்தேன். பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. எடை 11 கிலோ. ஓரிடத்தில் நில்லாத வயது.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட முதல் இரவிலேயே எனக்கு அந்த இருக்கையின் மீது வெறுப்பு ஏற்பட்டுவிட்டது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து வார்கள். ஐந்தும் வயிற்றுக்குக் கீழே ஒரு பூட்டில் வந்து சேர்கின்றன. இருக்கையின் முன்விளிம்பில் தொங்கும் ஒரு பட்டையை மருமகன் இழுத்ததும் எல்லாம் ஒருசேர இறுகின. பிள்ளை முதுகை வில்லாக வளைத்து வீறிட்டான். தொட்டிலில் ஆட்டி, மடியில் போட்டுப் பிள்ளை வளர்த்த நமக்கு இக்காட்சியைச் சகிக்க முடியுமா? "என் மடியில் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றேன். "மாமி, இங்கே அப்படி வைத்துக்கொள்ள முடியாது" என்று மருமகன் பணிவோடு கூறினார். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நான்கு வயது வரை குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். தவறினால் 400 திர்ஹம் அபராதம். ஆக, அபராதத்துக்கு அஞ்சித்தான் பிள்ளையைக் கட்டிப்போடுகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொரு பயணமும் அழுகையோடுதான் தொடங்கிற்று. குளிப்பாட்டும்போது பார்த்தால் இடது கழுத்தோரம் ஒரு சிவந்த கோடு. மகளிடம் காட்டினேன். அவள் கடைக்குச் சென்று, வாரின் மேல் சுற்றிக்கொள்ளும் பஞ்சுறை ஒன்றும், முதுகுக்குப் பின்னே வைக்கும் மெத்தென்ற அணை ஒன்றும் வாங்கி வந்தாள். ஆயினும் அழுகை குறையவில்லை.

பெருநாள் வந்தது. அவ்வாண்டு அங்கே ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. நான் ஊரிலிருந்து தைத்துக் கொண்டுபோயிருந்த வெள்ளை ஜுப்பாவையும், அதன் மேல் அணியும் ஜரிகை வேலை செய்த கெட்டியான அரைச்சட்டையையும் பிள்ளைக்கு அணிவித்தோம். கண்ணேறு படும்போல இருந்தான். மாலையில் தேராவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். வெயிலில் நின்றிருந்த கார் அடுப்பாய்க் கொதித்தது. மருமகன் பிள்ளையை இருத்திப் பூட்டினார். மகள் முன்னே அமர்ந்தாள். நான் பிள்ளைக்கு அருகே பின்னால். அவன் அழுத அழுகையில் முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

பொறுக்க முடியாமல், நான் பட்டைக்கு மேலே இருந்த பொத்தானை ஓசைப்படாமல் அழுத்தி, தோள் வார்களை என் பக்கமாக இழுத்துவிட்டேன். ஒரு முழங்கை நுழையும் அளவுக்கு அவை தளர்ந்தன. அழுகை நின்றது. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். முன்னால் இருந்த மகள், "உம்மம்மா கை பட்டால்தான் அடங்குகிறான்" என்றாள். எனக்கும் அதில் ஒரு பெருமிதம்.

இத்திஹாத் சாலையில் எங்களுக்கு முன்னே சென்ற கார் திடீரென நின்றது. மருமகனும் பிரேக்கை மிதித்தார். வண்டிகள் மோதவில்லை, நூலிழையில் தப்பினோம். ஆனால் பிள்ளை இடுப்போடு மடிந்து முன்னே சென்றான். ஒரு தோள் வார் வழுக்கி முழங்கைக்கு இறங்கிற்று. முன்னிருக்கையின் முதுகிலிருந்த கெட்டிப் பிளாஸ்டிக் விளிம்பில் அவன் வாய் மோதியது. என் கை அவனிடமிருந்து ஒரு சாண் தொலைவில்தான் இருந்தது. அது அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மருத்துவர் பார்த்துவிட்டு, உதட்டில் சிறு கிழிசல்தான், தையல் வேண்டாம், இரவு முழுதும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவோடு போயிற்று. ஆனால் வீடு திரும்பியதும் மகளுக்கும் மருமகனுக்கும் இடையே வாக்குவாதம் மூண்டது. "மச்சான், நீங்கள் சரியாக இறுக்கவில்லை" என்று அவள் அழுதாள். "இறுக்கினேன், நன்றாக நினைவிருக்கிறது" என்று அவர் கூறினார். பிறகு அவருக்கே ஐயம் வந்து, "ஒருவேளை மறந்திருப்பேனோ" என்று தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். நான் அதே அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. உண்மை பேசுவதைப் பற்றி வாரந்தோறும் வகுப்பெடுக்கும் நான், பெருநாள் இரவில் மருமகன் மீது பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு பேசாதிருந்தேன்.

மறுநாள் காலையில் மாடி வீட்டுப் பெண்மணி பிள்ளையைப் பார்க்க வந்தார். மலையாளி, குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுபவர். நடந்ததைக் கேட்டவர், "அந்தக் கார் சீட்டை நான் பார்க்கலாமா?" என்றார். எல்லோரும் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குச் சென்றோம். வார்கள் நேற்றிருந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் கையிலெடுத்துப் பார்த்து, "இது தானாகத் தளராது. யாராவது பொத்தானை அமுக்கினீர்களா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

மருமகன் சிறிது நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு, "மாமி, அவன் அழுவதைப் பார்த்து எத்தனையோ நாள் நானே தளர்த்திவிட நினைத்திருக்கிறேன்" என்றார். மகள் மட்டும் நண்பகல் வரை என்னோடு பேசவில்லை. அது நியாயமே.

அந்தச் செவிலியர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, "உம்மா, பிள்ளை பிடிவாதத்துக்கு அழவில்லை. அவனுக்கு உண்மையாகவே வலித்திருக்கிறது" என்றார். வலிக்குக் காரணம் இறுக்கமன்று, பொருத்தமின்மையே என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். வளைகுடாவில் பேரப்பிள்ளைகள் உள்ள தாய்மார்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

முதலில் இருக்கையின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். தோள் வார்கள் நுழைந்து வருவதற்கு மேலும் கீழுமாகப் பல துளைகள் இருந்தன. எட்டு மாதத்தில் இருக்கையை வாங்கியபோது அடித்துளையில் கோத்த வார்கள், பிள்ளை ஒன்றரை வயதாகி வளர்ந்த பின்னரும் அங்கேயே இருந்தன. முன்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு வார் தோளுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்து வர வேண்டும். கீழிருந்து வந்தால் இறுக்க இறுக்க அது தோளைக் கீழே அமுக்கும். பின்னோக்கி, அதாவது வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து அமர்ந்த குழந்தைக்கோ தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். ஏனெனில் மோதலின்போது அவ்வாறு அமர்ந்த பிள்ளையின் உடல் இருக்கையின் முதுகோடு மேல்நோக்கி நழுவும். கீழிருந்து வரும் வார்தான் அதைப் பிடித்து நிறுத்தும். பிள்ளை வளர வளரச் செருப்பு மாற்றுகிறோம், சட்டை மாற்றுகிறோம். துளை மாற்ற வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கழுத்தோரத்துச் சிவப்புக் கோட்டின் காரணமும் அங்கேயே கிடைத்தது. இடது வார் பின்புறத்தில் ஒரு முறுக்கு விழுந்திருந்தது. தட்டையாகப் படிய வேண்டிய பட்டை கயிறு போலத் திரண்டு கழுத்தை அறுத்திருக்கிறது. முறுக்கிய வார் வலியை மட்டும் தருவதில்லை. அதிர்ச்சியை அகலமாகப் பரப்பித் தாங்க வேண்டிய பட்டை, ஒரே கோட்டில் உடலில் இறக்கிவிடும்.

கைக்குழந்தைப் பருவத்துக்கென இருக்கையோடு வந்திருந்த உள்ளணையை இன்னும் எடுக்காதிருந்தோம். அது அவனை முன்னே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் மேல் மகள் வாங்கிய அணை வேறு. செவிலியர் இரண்டையும் எடுத்துவிட்டார். இருக்கையைச் செய்தவர்கள் தந்ததைத் தவிர வேறு எதையும் உள்ளே வைக்கக் கூடாதாம். மெத்தென்றிருப்பவை மோதலில் நசுங்கிவிடும்; நசுங்கிய அளவுக்கு வார் தளர்ந்துவிடும். கால்களுக்கு நடுவே வரும் வாருக்கும் முன், பின் என இரண்டு துளைகள் இருந்தன. அது உட்பக்கத் துளையில் கிடந்ததால் பிள்ளை பாதி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். வெளித்துளைக்கு மாற்றியதும் தொடையிடுக்கில் இருந்த நெருக்கடி நீங்கிற்று.

பிறகு உடை. "நேற்று என்ன உடுத்தியிருந்தான்?" என்று கேட்டார். இரத்தக்கறை போக அலசிக் காயவைத்திருந்த அந்த அரைச்சட்டையை மகள் எடுத்து வந்தாள். அதை அணிவித்து, பிள்ளையை இருத்தி, வாரை நன்றாக இறுக்கச் சொன்னார். பிறகு வாரைத் தளர்த்தாமலே பூட்டைத் திறந்து பிள்ளையை எடுத்து, சட்டையைக் கழற்றிவிட்டு மீண்டும் இருத்திப் பூட்டினார். வாருக்கும் மார்புக்கும் இடையே என் நான்கு விரல்களும் தாராளமாக நுழைந்தன! நான் தளர்த்தாமல் இருந்திருந்தாலும் அந்தக் கெட்டித் துணியின் கனமே பாதி வேலையைச் செய்திருக்கும். குளிர்நாடுகளில் பருத்த கம்பளிச் சட்டையால் நேரும் இத்தவறு நம் வீடுகளில் ஜரிகையால் நேர்கிறது. நீண்ட ஜுப்பாவும், பெண்பிள்ளைகளின் பாவாடையும் கவுனும் இன்னொரு வகை இடைஞ்சல். துணி கால்களுக்கு நடுவே திரண்டு, பூட்டு உடலோடு ஒட்டாமல் நிற்கும். ஆகவே உள்ளே ஒரு கால்சட்டை அணிவித்து, மேலாடையை இடுப்புவரை தூக்கிவிட்டுப் பூட்ட வேண்டும். அரைச்சட்டை, தலைப்பாகை எல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் அணிவித்துக்கொள்ளலாம். குளிரூட்டியால் குளிர்ந்தால், பூட்டிய பிறகு மேலே ஒரு போர்வை.

பூட்டும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. பிள்ளையின் இடுப்பு பின்னே ஒட்டும்படி நன்றாக உள்ளே தள்ளி இருத்த வேண்டும். இடுப்பு வார்கள் வயிற்றில் ஏறாமல் தொடை தொடங்கும் இடத்தில் தாழப் படிய வேண்டும். அங்குள்ள தளர்ச்சியை முதலில் மேல்நோக்கி இழுத்துவிட்டு, அதன் பின்னரே முன்பட்டையை இழுக்க வேண்டும். நாங்கள் பட்டையை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தோம். தோள் இறுகிற்று, இடுப்பு தளர்ந்தே கிடந்தது. இறுதியில் கழுத்தெலும்புக்கு அருகே வாரைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் தளர்ச்சி இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு வந்தால் போதும். அதற்கு மேல் சதை பிதுங்க இறுக்குவதும் தவறே. அமெரிக்க முறை இருக்கைகளில் மார்பில் ஒரு கிளிப் இருக்கும். அது அக்குளுக்கு நேராக நிற்க வேண்டும், வயிற்றில் தொங்கக் கூடாது. ஐரோப்பிய முறை இருக்கைகளில் பொதுவாக அது இராது, எங்களுடையது அவ்வகை. ஏதோ குறைபாடு என்று மகள் எண்ணியிருந்தாளாம்.

இருக்கையையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். காரோடு அதைப் பிணைக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் எப்பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. அந்த ஒன்றில் மருமகனின் வேலை பழுதின்றி இருந்தது. அவர் முகத்தில் அன்று தெரிந்த ஒரே மகிழ்ச்சி அதுதான்.

வாரில் இரத்தக்கறை இருந்தது. கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைக்க வேண்டும் என்று மகள் சொன்னதும் செவிலியர் தடுத்துவிட்டார். ஊறவைப்பதாலும் இயந்திரத்தில் துவைப்பதாலும் வாரின் வலு குறையக்கூடும்; ஈரத்துணியில் மென்மையான சோப்பைத் தொட்டுத் துடைத்தால் போதும். இன்னொன்றையும் கூறினார். வெயிலில் நின்ற வண்டியில் பூட்டின் உலோகப் பகுதி பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். முதல் நாள் மாலை அவன் வீறிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தியதும் இருக்கையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்துகிறோம். பூட்டும் முன் கையால் தொட்டுப் பார்க்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கூறியது, பிள்ளையை மறுபடியும் பின்னோக்கித் திருப்பி வையுங்கள் என்பதாகும். கால் மடங்குகிறதே என்று ஒரு வயதானவுடனே திருப்பிவிட்டிருந்தார்கள். இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் 18 கிலோ வரை பின்னோக்கி வைக்கலாம் என்றிருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடலோடு ஒப்பிடத் தலை கனம், கழுத்து இளசு. பின்னோக்கி அமர்ந்தால் அதிர்ச்சியை முதுகு முழுவதும் பரவலாக வாங்கிக்கொள்ளும். இந்தச் சிந்தனை 1960களிலேயே ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற அறிஞருக்கு எழுந்தது. விண்வெளி வீரர்கள் புறப்படும்போது விசையை முதுகில் வாங்கும்படி அமர்த்தப்பட்டதைக் கண்டே அவர் இதைக் குழந்தைகளுக்கு வகுத்தார் என்பர். ஐரோப்பாவில் 2013இல் வந்த புதிய விதிமுறை, 15 மாதம் வரை பின்னோக்கிய இருக்கையைக் கட்டாயமாக்கிற்று. கால் மடங்குவதோ பிள்ளைக்கு ஒரு பொருட்டே அல்ல, சம்மணமிட்டு அமர்ந்துகொள்கிறான்.

அன்றிரவு மருமகன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 11 கிலோ பிள்ளையைத் தடுத்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். இரண்டு அரிசி மூட்டைக்குச் சற்றே குறைவு. "என் மடியில் கொடுங்கள்" என்று நான் கேட்டது நினைவுக்கு வந்து நாணினேன்.

வரலாறு படித்தவள் என்பதால் இதன் வரலாற்றையும் பின்னர் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் குழந்தை இருக்கையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் டென்னசி; ஆண்டு 1977. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அதற்காகப் பாடுபட்டார். ஆனால் சட்டம் நிறைவேறும்போது ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டனர்: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கைகளில் ஏந்தியிருந்தால் இருக்கை தேவையில்லை! அந்த விலக்கை நீக்க 1981 வரை ஆயிற்று. தாயின் கையைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்ற நம்பிக்கை, கீழக்கரையில் மட்டுமன்றி அங்கும் இருந்திருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியை எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தியவள் நான். கட்டியிருந்ததை அவிழ்த்தேன்.

புதிய பொருத்தத்தில் பிள்ளை உடனே அமைதியாகிவிட்டான் என்று எழுதினால் அது பொய்யாகும். மூன்று நாட்கள் அழுதான், பழைய வலி நினைவில் இருந்திருக்கும். நான்காம் நாள் முனகினான். அதற்கடுத்த நாள் அஜ்மான் வரை சென்று திரும்பும்போது உறங்கிவிட்டான். கழுத்துக் கோடு மறைந்துவிட்டது. நான் ஊர் திரும்பும் நாளில் பூட்டு விழும் ஓசையைக் கேட்டுக் கை தட்டினான்.

2024 ஜனவரியில் அவர்கள் விடுமுறைக்கு வந்தபோது இருக்கையையும் விமானத்தில் கொண்டு வந்தனர். மதுரை விமான நிலையத்துக்கு என் உம்மாவும் வந்திருந்தார்கள். வாடகைக் காரின் பின்னிருக்கையில் வாரே இல்லை போலிருந்தது. ஓட்டுநர் தம்பி இருக்கை உறையைத் தூக்கிப் பார்க்க, உள்ளே மடித்துத் திணித்திருந்த வார்கள் தூசியோடு வெளிவந்தன. "இதை யாரும் கேட்பதில்லை அம்மா" என்றார். நம் நாட்டிலும் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வாரோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அதை அவரிடம் கூறினேன். நம்பினாரோ இல்லையோ, வாரைத் துடைத்துக் கொடுத்தார். மருமகன் அதைக் கொண்டு இருக்கையைப் பிணைத்து, முழங்காலால் அழுத்தி, ஆட்டிப் பார்த்தார்.

"பச்சைப் பிள்ளையைக் கைதி மாதிரி கட்டுகிறீர்களே" என்று என் உம்மா முகம் வாடினார்கள். ஏழு மாதங்களுக்கும் மேலாகக் கண்ணில் காணாத கொள்ளுப்பேரன். மடியில் வைத்துக்கொள்ளத் தவித்த அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பெருநாளன்று என்ன நடந்தது என்பதை அவர்களிடம் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. மானாமதுரை தாண்டும் வரை நான் சொல்லிக்கொண்டு வந்தேன். உம்மா ஒன்றும் பேசாமல் கேட்டார்கள்.

பரமக்குடியில் தேநீருக்காக நிறுத்தினோம். பிள்ளையை இறக்கி உம்மாவின் மடியில் கொடுத்தோம். அரைமணி நேரம் ஆசை தீரக் கொஞ்சினார்கள். மீண்டும் புறப்படும்போது மருமகன் அவனை இருத்திப் பூட்டினார். உம்மா தம் நடுங்கும் விரல்களால் அவன் தோளருகே வாரைத் தொட்டு, "நீ சொன்னாயே, எப்படிக் கிள்ளிப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார்கள். காட்டினேன். இரண்டு முறை கிள்ளிப் பார்த்தார்கள். விரல் வழுக்கிற்று.